என்.எஸ்.எஸ். பலகையில் இல்லாத பெயர்கள்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "நம்ம என்.எஸ்.எஸ். யூனிட் ஹிஸ்டரி ஒண்ணு எழுதிக் கொடுடா, நாலு பக்கம் போதும்" என்று கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். நான் சரித்திரம் படித்தவன் அல்லன். சிவில் படித்துவிட்டு 2007இல் வெளியே வந்து, அன்றிலிருந்து கம்பியும் கான்கிரீட்டுமாகப் பிழைப்பு நடத்துகிறவன். ஆனாலும் நூலகத்துக்குப் போகும் வழியில் மாட்டியிருக்கும் அந்த மரப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை.

பலகை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. ஆண்டு, திட்ட அலுவலர், மாணவர் தலைவர், முகாம் நடந்த ஊர், நட்ட மரக்கன்றுகள் என்று ஐந்து கட்டம். மாணவர் தலைவர் வரிசையில் முதல் பல வருடங்களுக்கு ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. ஆனால் நம் அணி செய்ததில் உருப்படியான வேலை என்று நான் நினைப்பவற்றில் பாதிக்கு மேல் நம் மாணவிகள் செய்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதற்கு முன் இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஜூனியர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

சுதந்திரம் வந்த கையோடு எழுந்த கேள்வி இது. ஏழை நாட்டில் ஊரார் பணத்தில் காலேஜ் படிக்கிற பிள்ளை, ஊருக்குத் திருப்பி என்ன செய்வான்? டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் காலத்திலேயே, மாணவர்கள் தங்கள் விருப்பத்தின் பேரில் தேச சேவை செய்யலாம் என்ற யோசனை வந்துவிட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஒரு வருட சமூக சேவை பற்றிப் பேசியது. 1958இல் பிரதமர் நேரு, பட்டம் வாங்குவதற்கு முன் சமூக சேவையை ஒரு நிபந்தனையாகவே வைத்தால் என்ன என்று முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த வருடம் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராக இருந்தாரே, அவர்தான். அந்தக் குழு, ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டாய சேவை என்று சொல்லிவிட்டது! லட்சக்கணக்கான பிள்ளைகளை ஒரு வருடம் வைத்துச் சோறு போட்டு மேய்ப்பது யார்? யோசனை கிடப்பில் போனது. 1960இல் கே.ஜி. சையிதைன் பல நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, கட்டாயம் வேண்டாம், விரும்பியவர் வரட்டும் என்று அறிக்கை கொடுத்தார்.

அதற்குள் 1962இல் சீனப் போர் வந்தது. 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானது. காக்கி உடுப்பும் பரேடும் எல்லோருக்கும் ஒத்து வருமா? 1964-66 கோத்தாரி கல்விக் குழு, எல்லாக் கட்டத்திலும் மாணவர்களுக்கு ஏதாவது ஒரு சமூகப் பணி இருக்க வேண்டும் என்றது. 1967இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில், என்.சி.சி. வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியாக 'நாட்டு நலப்பணித் திட்டம்' என்று பேசி முடித்தார்கள். 1968இல் என்.சி.சி.யின் கட்டாயம் நீங்கியது. காந்தி நூற்றாண்டு வருடமான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி, மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வருடா வருடம் செப்டம்பர் 24 அன்று நாம் ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டதற்குக் காரணம் இதுதான்.

இதில் நமக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. ராவ் 1908இல் பிறந்தது காஞ்சிபுரத்தில். அன்றைக்கு அது செங்கல்பட்டு ஜில்லா. ராதாகிருஷ்ணனின் திருத்தணியும் 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்ததுதான். ஆக, யோசனையின் முதல் முனையிலும் கடைசி முனையிலும் நம்ம ஜில்லாக்காரர்கள். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை உருவாக்கிய அதே ராவ்தான் நம்மை மண்வெட்டி தூக்க வைத்தவர் என்பது, எனக்கே இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

சட்டையில் குத்திக்கொண்ட அந்த பேட்ஜ் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச் சக்கரம். எட்டு ஆரங்கள் எட்டு ஜாமங்கள், அதாவது 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று பொருள். முழக்கம் 'நான் அல்ல, நீங்கள்'. கணக்கு: வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அதோடு ஒரு சிறப்பு முகாம். முகாம் அந்தக் காலத்தில் பத்து நாள், பிறகு ஏழு நாளாகச் சுருங்கியது.

கட்டாயமா, விருப்பமா என்று இருபது வருடம் அடித்துக்கொண்டு 'விருப்பம்' என்று முடிவானதல்லவா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 விதிமுறைகளைப் பாருங்கள். சேர்ந்தவுடன் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ., ஒய்.ஆர்.சி. நான்கில் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்தே ஆக வேண்டும். சுமார் 80 மணி நேரப் பயிற்சி, ஏழு நாள் முகாம். எங்கள் பேட்சிலும் நடைமுறை கிட்டத்தட்ட அதுதான். "எதில் வெயில் கம்மி?" என்று சீனியரிடம் விசாரித்துவிட்டு என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தவர்களே அதிகம். கட்டாயம் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1984-85க்குப் பிறகு சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகள் முளைத்த அந்த அலையில் வந்ததுதான் நம்முடையதும். நம் என்.எஸ்.எஸ். அணியின் முதல் பத்து வருடத்தை நான் பார்த்ததில்லை. சீனியர் அண்ணன்கள் சொல்லக் கேட்டது, பழைய ரிப்போர்ட் புத்தகங்களில் படித்தது, அவ்வளவே. அந்த ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும் சொல் 'சிரமதானம்'. ஏரிக்கரையில் முள்செடி வெட்டுவது, கோயில் குளம் தூர் வாருவது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, மண் ரோடு போடுவது. ரோடு விஷயத்தில் ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பத்து நாள் முதுகு ஒடிய மண்ணு கொட்டினோம். கலெக்டர் ஆபீஸ்லேருந்து வந்து திறந்து வெச்சாங்க. ஐப்பசி மழை வந்து மூடி வெச்சுது." பக்கத்தில் வடிகால் வெட்டாமல் மண்ணை மட்டும் உயர்த்தினால் அதுதான் நடக்கும். இன்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் போட்ட ரோடு அது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டாம்.

மரக்கன்றுக் கதையும் அப்படியே. நட்டது எத்தனை என்று பலகையில் கட்டம் இருக்கிறது. நின்றது எத்தனை என்று கட்டம் இல்லை.

மாணவிகள் அப்போதும் அணியில் இருந்தார்கள். ரத்த தான முகாமில் பெயர் எழுதுவது, விருந்தினருக்குச் சந்தனம் குங்குமம் நீட்டுவது, இறை வணக்கம் பாடுவது, இவைதாம் அவர்களுக்குக் கிடைத்த வேலை. முகாமுக்குப் போகலாம், ஆனால் தங்கக் கூடாது. காலையில் காலேஜ் பஸ்ஸில் போய், மாலை ஆறு மணிக்குள் ஹாஸ்டல் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். இந்த ஆறு மணி விதியை யார் போட்டார்கள் என்று எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. பெற்றோர் கேட்டார்கள் என்று நிர்வாகம் சொன்னது. நிர்வாகம் கேட்டது என்று பெற்றோர் சொன்னார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு பற்றி முதல் பேட்சுகளைச் சேர்ந்த ஓர் அக்கா எனக்குச் சொன்னார். செங்கல்பட்டை ஒட்டியுள்ள திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருப்பது உங்களுக்குத் தெரியும். லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த பழைய சானடோரியத்தை 1955இல் மத்திய அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940களில் தொழுநோய்க்கு சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது இந்த ஊரில்தான். உலகத் தொழுநோய் மருத்துவ வரலாற்றில் செங்கல்பட்டின் பெயர் இருக்கிறது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபின், நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஊனமில்லாமல் குணப்படுத்திவிடலாம் என்ற நிலை வந்தது. அதற்காகக் கிராமம் கிராமமாகச் சர்வே நடந்தது. தொழுநோய்த் தேமல் முதுகிலும் இருக்கும், தொடையிலும் இருக்கும். எந்தப் பெண் ஆம்பளைப் பையன் முன்னால் சேலையை விலக்கிக் காட்டுவாள்? சர்வேக்குத் துணையாகப் போன நம் மாணவர்கள் திண்ணையிலேயே நின்றுவிட்டார்கள். கல்லூரியிலிருந்து நாலைந்து மாணவிகளைக் கூப்பிட்டு, சுகாதாரப் பணியாளர் அம்மாவோடு வீட்டுக்குள் அனுப்பினார்கள். தேமல் இருக்கும் இடத்தில் இறகால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று அந்த அம்மா பார்ப்பார். நம் மாணவிகள் குறித்துக்கொள்வார்கள். அந்த வருடத்துப் பலகையைப் பாருங்கள். 'மரக்கன்றுகள்' கட்டம் மட்டும் நிரம்பியிருக்கிறது.

நான் சேர்ந்தது 2003. ஒன்றரை வருடத்தில் சுனாமி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியை ஒட்டி அலை நம் கரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். அந்த அளவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் குறைவு என்று பேப்பரில் எழுதினார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் போய் அந்த ஒப்பீட்டைச் சொல்லிப் பாருங்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட்டைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியிருந்த குப்பங்களிலும் உயிர்ச் சேதம். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது இதுவரை பார்த்திராத பாறைகள் தெரிந்தன என்று மீனவர்கள் சொன்னார்கள். அடுத்த வருடம் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியதில் பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. டி.வி.க்காரர்களுக்கு அந்தச் செய்திதான் பிடித்திருந்தது.

கல்லூரி அப்போது செமஸ்டர் விடுமுறையில் இருந்தது. ஹாஸ்டல் காலி. திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கத்து உள்ளூர்ப் பிள்ளைகள், யாரும் கூப்பிடாமல், வீட்டிலிருந்தே கிளம்பி வந்து சேர்ந்தோம். அதில் மாணவிகளும் இருந்தார்கள். விடுமுறை என்பதால் அட்டெண்டன்ஸ் கிடையாது. அதேபோல ஆறு மணி விதியும் கிடையாது! கேட்டே பூட்டியிருக்கும்போது யார் யாரை உள்ளே விரட்டுவது? அப்பாவோ அண்ணனோ டி.வி.எஸ். 50இல் கொண்டுவந்து விட்டார்கள். இரவு வந்து அழைத்துப் போனார்கள். சிலர் மண்டபத்திலேயே தங்கிவிட்டார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்து ஜனங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் முதல் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கோட்டு, சூட்டு, கிழிந்த ஜீன்ஸ், ஜரிகை போன பட்டு. வாங்க ஆளில்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் துணிக் குவியல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மாணவர்கள் நாங்கள் லாரியிலிருந்து மூட்டை இறக்கினோம், பொட்டலம் கட்டினோம், க்யூ ஒழுங்குபடுத்தினோம். வேலை நடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு மாணவி ஒருத்தியைக் குப்பத்து அம்மா ஒருவர் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கேட்டாராம்: "ஏம்மா, உள்பாவாடை ஒண்ணு கெடைக்குமா? கட்டுன துணியோட ஓடியாந்தோம். ஆம்பளைங்ககிட்ட இத எப்படிக் கேக்கறது?" அவ்வளவுதான். அரை மணியில் மாணவிகள் மண்டபத்தின் சமையற்கட்டைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு பெண்ணாக உட்கார வைத்துப் பேசினார்கள். அதிலிருந்து வந்த லிஸ்ட் ஒரு பக்கம்: உள்ளாடை, நாப்கின், சீப்பு, கைக்குழந்தைக்குத் துணி, கர்ப்பிணிக்கு மாத்திரை, இரவில் பெண்கள் தனியாகப் போய்வர ஒரு டாய்லெட்டும் அதில் ஒரு பல்பும். பல்புதான் முதலில் போட்டது. எலெக்ட்ரிக்கல் பையன்கள் இருபது நிமிடத்தில் போட்டார்கள். மற்றதற்கு மாணவிகளே செங்கல்பட்டு பஜாரில் உண்டியல் குலுக்கினார்கள்.

இரண்டாவது லிஸ்ட் இன்னும் முக்கியமானது. நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவர்களிடம் படகு, கட்டுமரம், எஞ்சின், வலை என்று படிவம் இருந்தது. யார் வீட்டுப் படகு, எத்தனை வலை என்று ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். படகு வைத்திருக்கிறவர்கள் ஆண்கள். ஆனால் கரைக்கு வந்த மீனைக் காசாக்குகிறவர்கள் யார்? விடியுமுன் கரையில் மீன் எடுத்து, தலையில் சுமந்து, பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, திருப்போரூர் என்று தெருத் தெருவாக விற்கிற பெண்கள். அவர்களுடைய முதலீடு ஓர் அலுமினிய அன்னக்கூடை, ஒரு ஐஸ் பெட்டி, ஓர் அரிவாள்மனை, தண்டலுக்கு வாங்கிய சில ஆயிரம் ரூபாய். அலை அன்னக்கூடையை அடித்துப் போனது. தண்டல் பாக்கியை அடித்துப் போகவில்லை. படிவத்தில் அன்னக்கூடைக்குக் கட்டம் இல்லை. புருஷன் ஏற்கெனவே செத்துப்போய், மீன் விற்று மட்டுமே பிழைத்தவளுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. இது நம் குப்பத்தில் மட்டும் நடந்ததல்ல. கடலோரம் பூராவும் இதே குறை சொல்லப்பட்டது.

நம் மாணவிகள் ஒரு நூறு பக்க லாங்சைஸ் நோட்டில் கோடு போட்டார்கள். பெயர், எந்த மார்க்கெட், என்னென்ன சாமான் போச்சு, யாரிடம் எவ்வளவு தண்டல், வீட்டில் சம்பாதிக்கிறவர் யார். அறுபத்துச் சொச்சம் பெண்கள் அந்த நோட்டில் இருந்தார்கள். தாலுகா ஆபீஸில் ஒரு நகல் கொடுத்தார்கள். "இதுக்கு ஃபார்ம் இல்லையேம்மா" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அந்த நோட்டை வைத்தே வீடு வீடாகப் போய் அன்னக்கூடையும் ஐஸ் பெட்டியும் கொடுத்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் தண்டலைத் தீர்க்க வங்கிக் கடனும் ஏற்பாடானது. பொங்கலுக்குப் பிறகு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாக்களைப் பழையபடி கூடையோடு பார்த்தேன். ஒருத்தர் எனக்கு ஓசியில் நெத்திலி கொடுத்தார். அந்த நோட்டு எழுதியது நானில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சிவில்காரன் என்பதால் கிணற்றுக் கதையையும் சொல்லியாக வேண்டும். அலை புகுந்த கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. டீசல் பம்ப் வைத்து இறைத்துத் தள்ளினால் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் நாள் முழுக்க இறைத்தது. மறுநாள் தண்ணீர் முன்னைவிட உப்பு. காரணம் இதுதான். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கிபென்-ஹெர்ஸ்பெர்க் என்று செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழே உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். கடைசி வருட சிவில் மாணவிகள் இரண்டு பேர் லேபிலிருந்து கண்டக்டிவிட்டி மீட்டரைக் கேட்டு வாங்கி வந்து, அடியில் சேர்ந்த சேற்றை மட்டும் எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, இடைவெளி விட்டு அளந்து, மண்டபச் சுவரில் சார்ட் ஒட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் முதலில் முறைத்தார்கள். சார்ட்டில் கோடு இறங்க இறங்க, "அந்தப் பொண்ணுங்க சொன்னாத்தான் மோட்டார் போடணும்" என்று அவர்களே காவல் இருந்தார்கள். 2005இல் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கியது. கிணறுகள் பெரும்பாலும் தேறின. இருவரும் அந்த மழைக்கு முன்பே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன அமெரிக்கப் பயணம். எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் அங்கே மேல்படிப்புக்குப் போனபோது, 'நம்ம கேர்ள்ஸ் மாதிரியே இங்க ஒரு சங்கம் இருந்திருக்குடா' என்று எழுதினான். அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த மாணவியர் சங்கங்கள் உண்டு, சொராரிட்டி என்பார்கள். லத்தீனில் சோரார் என்றால் சகோதரி. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908இல் கறுப்பின மாணவிகள் தொடங்கிய சங்கம் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. சுருக்கினால் ஏ.கே.ஏ., நமக்கு 'அக்கா'! நாம் தேடினாலும் இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க முடியாது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் தாய்வழிப் பூர்வீகம் உள்ள கமலா ஹாரிஸும் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தது இந்தச் சங்கத்தில்தான். 1935இல் டாக்டர் டோரத்தி ஃபெரிபீ என்ற பெண்மணியின் தலைமையில் இவர்கள் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார்கள். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்த கறுப்பின ஏழைகளுக்கு இலவச மருத்துவ முகாம். காட்டு முதலாளிகள் ஆட்களை முகாமுக்கு விடவில்லை. இவர்கள் என்ன செய்தார்கள்? மருந்தையும் ஊசியையும் சொந்தக் கார்களில் ஏற்றிக்கொண்டு காட்டுக்கே போய்விட்டார்கள். 1940களின் தொடக்கம் வரை கோடைக்குக் கோடை போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சர்வே வீட்டுக்குள் நுழைந்த நம் திருமணி அக்காக்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

சுனாமிக்குப் பிறகு கல்லூரி திறந்ததும் மாணவிகள் ஒரு மனு கொடுத்தார்கள். ஆறு மணி விதியைத் தளர்த்த வேண்டும், தங்கும் முகாம் வேண்டும். காரணம் என்று அவர்கள் எழுதியதுதான் விஷயம். மீன் விற்கிற பெண்கள் விடியுமுன் போய்விடுகிறார்கள், பிற்பகலுக்கு மேல்தான் திரும்புகிறார்கள், தண்ணீர் பிடித்து உலை வைத்துவிட்டு அவர்கள் வாசலில் உட்கார மணி ஏழாகிறது. காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புகிற முகாமில் கிழவிகளையும் குழந்தைகளையும் தவிர யாரையும் பார்க்க முடியாது. இதுதான் மனு. இத்தனை வருட ரிப்போர்ட்டுகளில் 'கிராமப் பெண்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று எழுதி வந்தார்களே, அதற்கான விடை அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

நிர்வாகத்தில் இரண்டு கட்சி. ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று ஒரு கட்சி. சுனாமியின்போது நடந்ததை நேரில் பார்த்த இன்னொரு கட்சி. கடைசியில் பெண் விரிவுரையாளர் இருவர் கூடவே தங்குவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. 2006 ஜனவரியில் அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் மாணவிகளின் முதல் தங்கும் முகாம் நடந்தது. பகலில் வேலை குறைவு. இரவு ஏழரைக்கு மேல்தான் முகாமே. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கையெழுத்துப் பழகினார்கள், வங்கிப் பாஸ்புக் படித்தார்கள், தண்டலில் நாளைக்கு இவ்வளவு என்று கட்டினால் வருடத்துக்கு எத்தனை வட்டி என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு பாட்டி தண்டல்காரனை வாசலில் வைத்துக் கேட்ட கேள்விகளை இந்த மலரில் அச்சிட முடியாது. மாணவர்களுக்கு அந்த வருடம் வேறு ஊரில் முகாம். பலகையில் எங்கள் ஊர்தான் எழுதப்பட்டது, ஏனென்றால் வருடத்துக்கு ஒரு வரிதான் பலகையில்.

அப்புறம் நடந்ததை ஜூனியர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது, பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றுதான் நம் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையாக இருந்தது. எந்தத் தெருவில் கைக்குழந்தை, எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி என்று 2004 நோட்டைப் போலவே கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டம் ஆனது. கடலோரக் குப்பங்கள் நம் கலெக்டரின் கீழ் வந்தன. பலகையில் மாணவர் தலைவர் கட்டத்தில் பெண் பெயர்கள் இப்போது சகஜம்.

பழைய பெயர்களைச் சேர்ப்பது பற்றி இந்த ரீயூனியன் கமிட்டியில் பேசியிருக்கிறோம். பலகையைக் கழற்றி மாற்றி எழுத முடியாது என்றார்கள். பக்கத்தில் இன்னொரு பலகை மாட்ட இடமிருக்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்லிவிட்டேன். நாலடிக்கு மூன்றடி தாராளமாக நிற்கும். இந்தக் கட்டுரையில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. ஒருவரை எழுதி ஒருவரை விட்டால் சாப்பாட்டுப் பந்தியிலேயே சண்டை வரும். ஆகவே திருமணி சர்வேக்குப் போனவர்கள், மண்டபத்துச் சமையற்கட்டில் இருந்தவர்கள், கிணறு அளந்தவர்கள், 2006 முகாமில் தங்கியவர்கள், எல்லோரும் ரீயூனியன் அன்று பதிவு மேஜையில் வைத்திருக்கும் நோட்டில் பெயர், பிரிவு, பேட்ச் எழுதிவிட்டுப் போகவும். வர முடியாதவர்களுக்குத் தோழிகள் எழுதலாம். அந்த லாங்சைஸ் நோட்டு யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் கொடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பித் தந்துவிடுகிறோம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்கள் பழைய இனிஷியலையும் சேர்த்து எழுதவும். ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.